இலைய மறிச்சுப் பாக்காம மருந்து வாங்காதீங்க

பூச்சியப் படம் பிடிக்கிற ஆளுக்கு எங்க ஊர்ல மரியாதை கிடையாது. கல்யாண வீட்டுல படம் பிடிச்சா அது தொழிலு. கோயில் கொடையில பிடிச்சா பக்தி. கொடிப்பயறு பந்தலுக்கு அடியில போனும் கையுமா குத்தவச்சு இருந்தா மட்டும், "ஓய், உமக்கு வேற சோலி இல்லியா?" இரணியல்லயும் இதே கேள்விதான், காய் கொண்டு போற திங்கள்நகர் சந்தையிலயும் இதே கேள்விதான்.

சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். எனக்குக் கோவம் அதுல இல்ல. சிரிச்ச அதே ஆளு மறுநாள் ஒரு சுருண்ட இலையைக் கிள்ளி சட்டைப் பையில போட்டுக்கிட்டு மருந்துக் கடைக்குப் போவாரு. கடைக்காரர் அந்த இலையைத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டாரு. "பூச்சிதான், இத அடிங்க"ண்ணு ஒரு குப்பிய எடுத்து மேசையில வைப்பாரு. இவரும் ரூபாயக் குடுத்து வாங்கிட்டு வருவாரு. எந்தப் பூச்சி? அது செடியத் தின்னுதா, செடியத் தின்னுறதத் தின்னுதா? வித்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுப் புரையிடத்துல நிக்கிற செடிக்கு, ஒரு படம் எடுத்துப் பெருசாக்கிப் பாக்காம யாரும் மருந்து அடிக்கக் கூடாது. மம்பட்டி போல, வெட்டுக்கத்தி போல, போன்ல இருக்கிற கேமராவும் விவசாயிக்க பணி ஆயுதம். அத நாம ரீல்ஸ் பாக்க மட்டும் வச்சிருக்கோம்.

போன ஐப்பசி மழை விட்ட சமயம் பக்கத்து விளை மாமாவுக்க பயத்தங்கொடியில நுனியெல்லாம் கருப்பா பேன் அப்பிக் கிடந்தது. மாமா கைத்தெளிப்பானக் கழுவிக்கிட்டு நின்னாரு.

"பேனுக்கு ஊடால புழுவும் கிடக்குடே மக்கா. ரெண்டுக்கும் சேத்து ஒரே மருந்து போதும்ணு கடையில சொன்னான்."

"மாமா, அந்தப் புழு என்ன செய்யுதுண்ணு பாத்தியளா?"

"புழு என்ன செய்யும்? தின்னும்."

"எதத் தின்னுது?"

போன்ல ஒரு நிமிச வீடியோ எடுத்துப் பெருசாக்கிக் காட்டினேன். காலும் கிடையாது, கண்ணும் கிடையாது, அட்டை போல ஒரு சின்னப் புழு. தலைய அங்கயும் இங்கயும் ஆட்டித் தடவுது. ஒரு பேன் தட்டுப்பட்டதும் கொத்தி மேல தூக்குது, உறிஞ்சுது, தோலக் கீழ போடுது. அடுத்த பேன். இது சிர்பிட் ஈயோட புழு. தேனீ போல மஞ்சள் கருப்பு வரியோட பூவுக்கு முன்னால அந்தரத்துல நிக்குமே, அந்த ஈதான் இதுக்க அம்மா. கூட்டுப்புழு ஆகறதுக்குள்ள ஒரு புழு நூத்துக்கணக்குல பேன் தின்னும். மாமா ரெண்டு தடவ பாத்துட்டு, "சவம், இது நம்ம ஆளாடே?"ண்ணு கேட்டாரு. தெளிப்பானக் கொண்டு உள்ள வச்சாரு. மொத பறிப்பு போச்சு, அத மறைக்க மாட்டேன். பேன் பிடிச்ச பிஞ்செல்லாம் கோணிப் போச்சு. ரெண்டாவது பறிப்புல இருந்து தை மாசம் வரைக்கும் அவிய வீட்டுல பயறு கிடைச்சுது.

இது ஒரு உதாரணம். இதப் போல கண்ணால பாத்து ஏமாறக்கூடிய உருப்படிகள் நம்ம முத்தத்துலயே நிறைய கிடக்கு. மாவுப்பூச்சி கூட்டத்துக்கு நடுவுல கொஞ்சம் பெருசா, உடம்பெல்லாம் வெள்ள மெழுகு நூலோட ஒண்ணு வேகமா ஊரும். மாவுப்பூச்சியிலயே பெரிய ஆளுண்ணு நினைச்சு மொதல்ல அதத்தான் நசுக்குவோம். அது மாவுப்பூச்சியத் தின்னுற பொறிவண்டுக்க புழு. இலையில தலைமுடி போல ஒரு காம்பு, அது நுனியில வெள்ளப் பொட்டு, அப்படி வரிசையா நிக்கும். பூஞ்சணம்ணு நினைப்போம். பச்சை கண்ணாடி இறக்கைப் பூச்சிக்க முட்டை அது. அதுல பொரியிற புழுவும் பேனத் தின்னும். இன்னொண்ணு, முதுகு நிறைய வெள்ள அரிசி ஒட்டினது போல ஒரு பச்சப் புழு. "ஐயோ, முட்டை போட்டுப் பெருகுது"ண்ணு செருப்பால தேய்ப்பாங்க. முட்டை போடுறது வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும்தான், புழு இல்ல. அந்த அரிசி ஒவ்வொண்ணும் ஒரு சின்னக் குளவிக்க கூடு. புழுவ உள்ள இருந்தே தின்னு முடிச்சு வெளிய வந்து கூடு கட்டியிருக்கு. நீங்க தேய்ச்சது, அடுத்த வாரம் உங்க தோட்டத்துக்குக் காவல் நிக்க வேண்டிய ஒரு பட்டாளத்த.

"இதெல்லாம் நாலு செடி வச்சிருக்கவன் பேச்சு"ண்ணு சொல்றவங்களுக்காக, நாலு செடியில நிக்காத கதையும் சொல்றேன்.

2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மரச்சீனி, மல்பெரி என்று எல்லாவற்றையும் பிடித்தது. விவசாயிகள் குப்பி குப்பியாக அடித்தார்கள், மெழுகுப் பூச்சுக்குள்ளே மருந்து சரியாக இறங்கவில்லை. கடைசியில் 2010-ல் பெங்களூரில் இருக்கும் வேளாண் பூச்சிகளுக்கான தேசிய நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து வளர்த்துத் தோட்டங்களில் விட்டார்கள். அதில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி பிரமாதமாகப் பெருகி, மாவுப்பூச்சியை அடக்கிவிட்டது. ஒரு எள்ளை விடச் சின்னக் குளவி. நம்ம ஊரு மரச்சீனிக்கும் இதே கதைதான். 2020-ல் திருச்சூரில் மரச்சீனி மாவுப்பூச்சி வந்தது. ஆப்பிரிக்காவில் 1970-களிலேயே கோடிக்கணக்கான பேருக்கு உணவான மரச்சீனியை அழித்த பூச்சி அது. அங்கே அதை அடக்கியது பராகுவேயிலிருந்து கொண்டுபோன அனகைரஸ் லோபெசி என்ற குளவி. அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் என்பவருக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அதே குளவி பெனின் நாட்டிலிருந்து நமக்கும் வந்து, 2022-ல் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

யோசிச்சுப் பாருங்க. அரசாங்கம் கப்பல் கடந்து, விமானம் ஏத்தி, சோதிச்சுக் கொண்டு வந்து விடுற குளவிய, நாம ஒரு மூடி மருந்துல ஒரே சாயங்காலம் காலி பண்ணுறோம். மாவுப்பூச்சிக்காவது மெழுகுச் சட்டை இருக்கு. குளவிக்கு ஒண்ணும் இல்ல, மொதல்ல சாவது அதுதான்.

தென்னைக்கு வந்த சுருள் வெள்ளை ஈ இப்பவும் நம்ம தலைக்கு மேலயே இருக்கு. 2016-ல பொள்ளாச்சிப் பக்கமும் கேரளத்துலயும் தென்பட்டது, இப்ப குமரி மாவட்டத்துல அது இல்லாத விளை இல்ல. ஓலைக்கு அடியில வெள்ளையா சுருள் சுருளா முட்டை, கீழ் ஓலையில கருப்பு கருப்பா கரும்பூசணம். பாத்தா வயிறு எரியும், எனக்கும் எரியுது. ஆனா காசர்கோட்டுத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனமே சொல்றது, இதுக்கு ரசாயன மருந்து அடிக்காதீங்கண்ணு. என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி தானாவே கூட வந்து வேலை செய்யுது. கீழ் ஓலை ஒண்ண வெட்டி இறக்கி, அடிப்பக்கத்தப் படம் எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க. வெள்ளை ஈயோட குஞ்சுல சிலது கருத்து, முதுகுல வட்டமா ஒரு ஓட்டை விழுந்திருக்கும். குளவி வெளிய வந்த வாசல் அது. ஓட்டை எண்ணிக்கை கூடுதாண்ணு மாசா மாசம் படம் எடுத்தா, உங்க தோப்புல யாரு ஜெயிக்கிறாங்கண்ணு உங்களுக்கே தெரியும். கரும்பூசணத்துக்கு மைதாக் கரைசல் அடிச்சா காஞ்சு உரிஞ்சு விழும். மேல இருந்து டிரோன்ல மருந்து தெளிக்கலாம்ணு வாறவங்ககிட்ட நான் ஒண்ணுதான் கேப்பேன்: ஓலைக்கு அடியில இருக்கிறது டிரோனுக்குத் தெரியுமா?

இனி படம் எடுக்கிற கூட்டத்துக்கும் கொஞ்சம் வச்சிருக்கேன்.

அழகுக்குப் படம் எடுக்கிறதுல எனக்குக் குறை இல்ல. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி எங்க கறிவேப்பிலையில முட்டை போடுறத நான் அரை மணி நேரம் பாத்துட்டு நிப்பேன். ஆனா சில பேரு பண்ணுறது அக்கிரமம். பூச்சியப் பிடிச்சுக் குளிர்பெட்டியில வச்சு மரத்துப் போன பிறகு பூமேல தூக்கி வச்சு எடுக்காங்க. பசை போட்டு ஒட்டுறதாவும் கேள்வி. குருவிக்கூடு நல்லாத் தெரியணும்ணு சுத்தி இருக்கிற இலைய வெட்டிவிட்டு, மறுநாள் காக்கா வந்து குஞ்சத் தூக்கிட்டுப் போக வழி செஞ்சு குடுக்காங்க. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துற போட்டியிலயே 2018-ல ஒரு பரிசுப் படத்தத் தள்ளுபடி செஞ்சாங்க. கரையான் புற்றுல மின்னுற பூச்சி வெளிச்சம், பக்கத்துல எறும்புதின்னி. கடைசியில அந்த எறும்புதின்னி பாடம் பண்ணி வச்ச பொம்மைண்ணு தெரிஞ்சுது. அவனுக்குப் பரிசு போச்சு, அவ்வளவுதான். விவசாயி ஒருத்தன் பொய்ப் படத்த நம்பினா செடி போகும்.

பொய்ப் படத்த விட மோசம் உண்மைப் படத்துக்குப் பொய்க் குறிப்பு. 2022 செப்டம்பர்ல வாட்சப்புல ஒரு புழு சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? பருத்திச் செடியில இருக்கும், தொட்டா அஞ்சு நிமிசத்துல சாவுண்ணு. நம்ம ஊர்ல பருத்தி எங்க இருக்கு? இருந்தும் எத்தன பேரு அத அனுப்பினாங்க! அது முள்ளு உள்ள ஒரு கம்பளிப்புழு. பட்டா எரியும், தடிக்கும், ஆள் சாக மாட்டாண்ணு விஞ்ஞானிகள் சொன்னத யாரும் அனுப்பல. அந்த வாரம் எங்க பக்கத்துல முருங்கையில இருந்த புழுவுக்கெல்லாம் மண்ணெண்ணெய்ப் பந்தம்.

"அப்ப பூச்சி எல்லாம் சாமியா வேய்?" இல்ல. காண்டாமிருக வண்டு தென்னங் குருத்துல ஏறினா நான் கம்பியால குத்தி எடுத்துக் கொல்லத்தான் செய்வேன். பாவக்காயில பழ ஈ வந்தா பொறி வச்சுப் பிடிப்பேன். முசுறு மாமரத்துல இருந்தா புழுவும் வண்டும் அண்டாது. சீனாவுல கி.பி. 304-ம் ஆண்டைச் சேர்ந்ததாச் சொல்லுற நூல்லயே, நாரத்தைத் தோட்டத்துக்கு முசுறுக் கூட்ட விலைக்கு வாங்கிக் கட்டினதப் பத்தி இருக்கு. அதே முசுறு மாவுப்பூச்சிக்குக் காவலும் நிக்கும். நல்லது கெட்டதுண்ணு பட்டியல் போட்டு முடிக்க முடியாது. பாத்துத்தான் தெரியணும்.

ஏத்தன் வாழைய பாட்டத்துக்கு எடுத்து, ஓணத்துக்குக் குலை வெட்டியே ஆகணும்ணு கடன்ல நிக்கிறவன்கிட்ட "பத்து நாள் பொறு, குளவி வரும்"ண்ணு நான் சொல்ல மாட்டேன். அவனுக்க கணக்கு வேற. தண்டுக் கூன்வண்டு துளச்சா அவனுக்கு வருசமே போகும். நான் பேசுறது அஞ்சு சென்ட், பத்து சென்ட் புரையிடத்தப் பத்தி. காலையில பறிச்சு மத்தியானம் அவியலுக்குப் போடுற காய்க்கு என்ன அவசரம்? மோனோகுரோட்டோபாஸ காய்கறிக்கு அடிக்கக் கூடாதுண்ணு 2005-லயே தடை. வாழைக் குழியில அள்ளிப் போட்ட தைமெட்டுக்கு 2020 முடிவோட தடை. இத எத்தன கடையில சொல்லி விக்காங்க? குப்பியில சிவப்பு முக்கோணம் இருந்தா கொடிய விஷம்ணு எத்தன பேருக்குத் தெரியும்? 2017-ல மகாராஷ்டிராவுல யவத்மால் மாவட்டத்துல மருந்து தெளிச்சே இருபது பேருக்கு மேல செத்தாங்க. அவங்களும் கடையில சொன்னதக் கேட்டு அடிச்சவங்கதான்.

கேமரா பெருசு வேணும்ணு இல்ல. போன்ல மாட்டுற கிளிப் லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வெயில் ஏறுறதுக்கு முன்ன போங்க, பனியில நனஞ்ச பூச்சி பறக்காது. உங்க நிழல் விழாம இருங்க. காத்து அடிச்சா இலைக்காம்ப ரெண்டு விரலால பிடிச்சுக்குங்க. இலையில ஓட்டை இருக்கு, பகல்ல ஒண்ணையும் காணலைண்ணா ராத்திரி ஒம்பது மணிக்கு டார்ச்சோட போய் எடுங்க. பாதி வீட்டுல குற்றவாளி ஆப்பிரிக்க நத்தையா இருக்கும். அதுக்குப் பூச்சிமருந்து அடிச்சு என்ன பிரயோசனம்?

எடுத்தும் பிடிபடலைண்ணா திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துலயோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துலயோ கொண்டு காட்டுங்க. ஐநேச்சுரலிஸ்ட்ல போட்டாலும் தெரிஞ்சவங்க பேர் சொல்லுவாங்க. மங்கலா ஒரு இலையப் படம் எடுத்துட்டு "இது என்ன நோய்?"ண்ணு கேக்காதீங்க. மூணு படம் வேணும்: செடி முழுசா ஒண்ணு, இலைக்கு மேல ஒண்ணு, இலைய மறிச்சு அடியில ஒண்ணு. அடியில எடுக்கிறதுல உங்க விரல் நகமும் தெரியணும், இல்லைண்ணா பூச்சிக்க அளவு அவங்களுக்குத் தெரியாது.