சொந்தப் பணத்துக்கு வட்டி கட்டும் சமூகம்

கனடாவில் வருமானவரி விண்ணப்பப் பருவம் பெப்ரவரி பிற்பகுதியில் தொடங்கிப் பெரும்பாலானோருக்கு ஏப்ரல் 30 உடன் முடிவடைகின்றது. அந்த நாட்களில் ரொறன்ரோப் பெரும்பாகத்தின் கடைத்தொகுதிகளில் ஒரே வாசகம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றது: "இன்றே பணம்". வரி மீளளிப்புக் காசோலைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, கையொப்பமிட்டால் போதும், காசோடு வீடு திரும்பலாம் என்பது அதன் பொருள். இரவு வேலை முடித்துக் களைத்து வரும் தாயும் தந்தையும் அதனை ஓர் உதவி என்றே எண்ணுகின்றனர். அது உதவியன்று. உழைத்தவரின் பணத்தை உழைத்தவருக்கே விற்கும் வாணிபம்.

மீளளிப்பு என்பது என்ன? ஒவ்வொரு சம்பளத்திலும் வேலை வழங்குநர் வரியைக் கழித்து அரசுக்கு அனுப்புகின்றார். ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது கழித்தது கூடிப்போயிருந்தால், அந்த மேலதிகம் உரியவருக்குத் திரும்பி வருகின்றது. அரசு வட்டியின்றி மாதக்கணக்கில் வைத்திருந்த பணம் அது. அரசின் அன்பளிப்புமன்று, கணக்கு எழுதுபவரின் கெட்டித்தனமுமன்று. ஆயினும் தமிழ் வீடுகளில் "அவர் போன வருசம் நல்லா எடுத்துத் தந்தவர்" என்ற பேச்சே இன்றும் கேட்கின்றது. கிணறு வெட்டியவன், துலாவைப் பிடித்திருப்பவனுக்கு நன்றி சொல்லும் கதை இது.

முற்பணம் தரும் இந்த வாணிபத்துக்குச் சட்டம் உண்டு. வரி மீளளிப்புக் கழிவுச் சட்டத்தின்படி, மீளளிப்பின் முதல் 300 டொலரில் 15 விழுக்காடு வரையும், எஞ்சிய தொகையில் 5 விழுக்காடு வரையும் முகவர் எடுத்துக்கொள்ளலாம். 2,000 டொலர் வரவேண்டிய குடும்பத்திடம் 130 டொலர் கழிக்கப்படலாம். கையில் கிடைப்பது 1,870. மின்வழியில் விண்ணப்பித்து, வங்கிக் கணக்கில் நேரடி வைப்பைத் தெரிவுசெய்திருந்தால், சிக்கலற்ற விண்ணப்பத்துக்குரிய பணம் பொதுவாக இரண்டு வாரங்களில் வந்துவிடும். இரண்டு வாரக் காத்திருப்பின் விலை 130 டொலர். ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது 180 விழுக்காட்டை எட்டும். ஊரில் இவ்வாறு வட்டி வாங்கியவனை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

2025 ஜனவரி 1 முதல் கனடாவில் தனிநபர் கடனுக்கு ஆண்டொன்றுக்கு 35 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது பொதுவாகக் குற்றம். ஆனால் அந்தக் குற்றத்தை வரையறுக்கும் குற்றவியல் கோவையின் 347 ஆம் பிரிவே, மீளளிப்புக் கழிவு வாணிபத்துக்குத் தான் பொருந்தாது என்று விலக்களிக்கின்றது. ஏழைத் தொழிலாளியும் புதிதாக வந்த குடியேறியுமே இத்தகைய முற்பணத்தை நாடுபவர்கள். அவர்களைக் காக்க வேண்டிய வேலியில் அவர்கள் நிற்கும் இடத்தில்தான் இந்தப் பொட்டு விடப்பட்டுள்ளது.

வாடகை கட்ட வேண்டிய நாளில் இரண்டு வாரம் காத்திருக்க இயலாதே என்ற வாதம் நியாயமானது. அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. ஆனால் அவசரமே இல்லாத குடும்பங்களும் பழக்கத்தின் காரணமாகவே அதே மேசையில் கையொப்பமிடுகின்றன. அங்கு தமக்குரிய உரிமையைக்கூட அவை கேட்பதில்லை. மதிப்பிடப்பட்ட மீளளிப்பையும் கழிவையும் தனித்தனியே காட்டும் படிவத்தின் பிரதியை முகவர் தர வேண்டும். பின்னர் அரசு அனுப்பிய உண்மையான தொகை எவ்வளவு என்பதையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். "நீங்களே பார்த்துச் செய்யுங்கோ அண்ணை" என்ற ஒரு சொல்லில் இவ்வளவும் கைநழுவிப் போகின்றன.

அஞ்சலில் வரும் காசோலையின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. காசோலை மாற்றும் கடையில் வரிசையில் நின்று, கட்டணம் கொடுத்துப் பணம் பெறுவோர் இன்னும் இருக்கின்றனர். கனடிய மத்திய அரசின் காசோலை 1,750 டொலர் வரை இருந்தால், உரிய அடையாள ஆவணங்களைக் காட்டுபவருக்கு வங்கிகள் அதனைக் கட்டணமின்றிப் பணமாக்கிக் கொடுக்க வேண்டும். அந்த வங்கியில் கணக்கு இருக்க வேண்டியதில்லை. வேலையில்லாதவரும், வைப்பிலிடப் பணமில்லாதவரும்கூட வங்கிக் கணக்குத் திறக்க உரிமை பெற்றவர்கள். காசாளர் மறுத்தால் மேலாளரைக் கேட்கலாம். அவரும் மறுத்தால் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதலாம்.

அரசின் காசோலை காலாவதியாவதுமில்லை. நிலக்கீழ் அறையிலிருந்து அடுக்குமாடிக்கும், அங்கிருந்து வேறு நகருக்கும் மாறிய குடும்பங்களின் காசோலைகள் பழைய முகவரியிலேயே தங்கிவிடுகின்றன. நாடு முழுவதும் இவ்வாறு மாற்றப்படாமல் கிடந்த காசோலைகளின் மொத்தம் 100 கோடி டொலர் அளவுக்குச் சேர்ந்துவிட்ட நிலையில், 2020 பெப்ரவரி முதல் சி.ஆர்.ஏ. எனப்படும் கனடா வருவாய் முகமை, அவற்றைத் தன் இணையக் கணக்கிலேயே பார்க்க வழிசெய்தது. மீளளிப்பு எந்த நிலையிலுள்ளது, எப்போது அனுப்பப்பட்டது, பழைய கடனுக்காகப் பிடிக்கப்பட்டதா என்பனவும் அதே கணக்கில் தெரியும். "உங்கள் மீளளிப்பைப் பெற இங்கே அழுத்துக" என்று கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியை மட்டும் நம்பலாகாது. முகமை குறுஞ்செய்தி மூலமோ மின்பணப் பரிமாற்றம் மூலமோ மீளளிப்பை அனுப்புவதில்லை.

இவை பணத்தை மட்டும் இழக்கச் செய்பவை. குடும்பத்தையே நிலைகுலையச் செய்வது வேறொன்று. "இரண்டு மடங்காக எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லிக் கொடுக்காத நன்கொடைக்குப் பற்றுச்சீட்டும், இல்லாத தொழிலுக்கு நட்டமும் எழுதுவோர் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. தமிழ்ச் சமூகம் அதற்கு விதிவிலக்கன்று. விண்ணப்பத்தை எவர் எழுதினாலும் அதற்குப் பொறுப்பு வரி செலுத்துபவரே. தெரிந்தோ பாரிய கவனயீனத்தாலோ பொய்க்கணக்குக் காட்டியதாக முடிவானால், ஏய்த்த வரியின் 50 விழுக்காடு தண்டமாகும். வரியும் அதன்மேல் நாள்தோறும் கூட்டு வட்டியும் வேறு. ஆறு ஆண்டுகளுக்கான ஆதாரங்களை முகமை கேட்கலாம். அந்நேரம் "நல்லா எடுத்துத் தந்தவர்" தொலைபேசியை எடுப்பாரா என்பது பெற்றோருக்கே தெரியும்.

இங்கு இளையோரின் மௌனத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். பத்து வயதில் மருத்துவரிடமும் பாடசாலையிலும் பெற்றோருக்கு மொழிபெயர்த்த பிள்ளைகள், இருபது வயதில் இதனை "அப்பாவின் விடயம்" என்று ஒதுங்குகின்றனர். பெற்றோரும் சம்பளத் தொகையைப் பிள்ளைக்குக் காட்டக் கூச்சப்படுகின்றனர். முன்பின் அறியாத முகவரிடம் இல்லாத கூச்சம் சொந்தப் பிள்ளையிடம் ஏன்? முகமை அங்கீகரித்த இலவச மென்பொருள்கள் உள்ளன. குறைந்த வருமானமும் எளிய கணக்கும் உள்ளோருக்கு 1971 முதல் தன்னார்வலர்கள் இலவசமாக விண்ணப்பம் எழுதிக் கொடுக்கின்றனர். தமிழ் மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் கலைவிழா நடத்துகின்றன. அதே மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை இந்தப் பணியையும் நடத்த அவற்றுக்கு ஆளணி இல்லையென்று எவரும் சொல்ல முடியாது.

சட்டத்திலுள்ள பொட்டை அடைப்பது பாராளுமன்றத்தின் கையில் இருக்கின்றது. 2016 இல் ஜனவரியைத் தமிழ் மரபுரிமை மாதமாக ஏற்ற அதே மன்றத்தின் உறுப்பினர்கள், ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் மேடைகளில் பொன்னாடை பெற்று வணக்கம் சொல்லிச் செல்கின்றனர். வரிப்பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்களே எஞ்சியிருக்கும் காலம் அது. 347 ஆம் பிரிவின் விலக்கு எவருடைய நலனுக்காக இன்னும் நீடிக்கின்றது என்று, பொன்னாடை போர்த்துபவர்களே அவர்களிடம் கேட்க வேண்டும்.