நாலு பேர், ஒரு மேலுறை

கத்தரிக்காய் வாங்குகிறவர் அமுக்கிப் பார்த்து வாங்கலாம். புடவை வாங்குகிறவர் பிரித்துப் பார்த்து வாங்கலாம். கடையில் வீடியோ கேம் வாங்குகிறவர் எதைப் பார்ப்பார்? பெட்டியின் மேலுறையைத்தான்! உள்ளே இருக்கும் சரக்கு, வீட்டுக்குப் போய் ஆடிப் பார்த்த பிறகுதான் தெரியும். ஆகவே மேலுறை என்பது ஒரு வாக்குறுதி. அது பொய்த்தால் பணம் கொடுத்தவர் ஏமாந்து போகிறார்.

இந்த மேலுறையை வரைவதை, வடிவமைப்புக் கல்லூரிகளில் மாணவர்களுக்குக் குழு வேலையாகக் கொடுப்பதுண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் பல சமயம் நடப்பது என்ன? நான்கு பேரில் படம் போடத் தெரிந்த ஒருவர் இரவெல்லாம் கண் விழிக்கிறார். மற்ற மூவரும் "பிரமாதம்!" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். மார்க்கு மட்டும் நால்வருக்கும் சமம். இதற்குக் கூட்டு முயற்சி என்று பெயரிடுவது நியாயமா?

நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். இதனால் படமும் அல்லவா கெட்டுப் போகிறது? ஜப்பானியக் கம்பெனியான காப்காம் 1987-ல் 'மெகா மேன்' விளையாட்டை வெளியிட்டது. அதன் கதாநாயகன் ஓர் இயந்திரச் சிறுவன். அவன் கையே பீரங்கி. அமெரிக்கப் பதிப்பின் மேலுறையிலோ நடுவயது மனிதர் ஒருவர் கைத்துப்பாக்கியுடன் கோணலாக நின்றார்! விளையாட்டுக்கும் படத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2012-ல் அந்தக் கம்பெனியே அந்த மனிதரை வேறொரு விளையாட்டில் பாத்திரமாக்கித் தன்னைத் தானே கேலி செய்துகொண்டது.

இதற்கு நேர்மாறானது 2001-ல் வந்த 'ஈகோ'. விளையாட்டை இயக்கிய புமிடோ உயேதாவே ஜப்பானிய மேலுறையையும் தீட்டினார். இத்தாலிய ஓவியர் டி கிரிகோவின் பாணியில், நீண்ட நிழல்கள் விழும் வெளியில் இரு சிறு உருவங்கள். விளையாட்டின் தனிமை முழுவதும் அதில் இருந்தது. ஆக்கியவரும் வரைந்தவரும் ஒருவரே என்பதால் கைகூடிய வெற்றி அது.

வகுப்பறையில் எல்லாக் குழுவிலும் ஓர் உயேதா இருக்கமாட்டார். அந்தக் குறையை நிரப்பத்தான் குழு வேண்டும். ஒருவர் விளையாட்டைக் கடைசிவரை ஆடி, அதன் உயிர்நாடி எது என்று மற்றவர்களுக்குச் சொல்லட்டும். பிறகு நால்வரும், கோடு நேராக வராதவர் உள்பட, சிறு சிறு மாதிரிகள் கிறுக்கட்டும். யோசனைக்குக் கைத்திறன் அவசியமில்லை. தேறியதைக் கைதேர்ந்தவர் தீட்டட்டும். மற்றொருவர் தலைப்பெழுத்தையும், வயது வரம்புக் குறிக்கான இடத்தையும் கவனிக்கட்டும். அமெரிக்காவில் 1994 முதல் அந்தக் குறி வழக்கத்தில் இருக்கிறது. முதலிலேயே இடம் விடாவிட்டால் கடைசியில் அது கதாநாயகனின் காலை மறைத்துவிடும். நாலாமவர், படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, விளையாட்டை அறியாத ஒருவரிடம் காட்டி, "இது என்ன கதை?" என்று கேட்டு வரட்டும். இன்று விளையாட்டுகள் பெரும்பாலும் இணையக் கடையில் அந்த அளவில்தானே கண்ணில் படுகின்றன!

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான். ஆகவே எல்லாரும் பேசிய பின் முடிவு சொல்ல ஒருவர் வேண்டும். முடிவான பின் எல்லாரும் அதன் பக்கம் நிற்கவும் வேண்டும். 2013-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' மேலுறையில் எல்லி என்ற சிறுமி முன்னால் நிற்கிறாள். அவளைப் பின்னுக்குத் தள்ளும்படி யோசனை வந்ததாகவும், அதற்குத் தாங்கள் இணங்கவில்லை என்றும் அதை ஆக்கியவர்கள் கூறியிருக்கிறார்கள். கதை அவளுடையது, அவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

ஆசிரியர்களுக்கும் ஒரு கடமை உண்டு. முடிந்த படத்துக்கு மட்டும் மார்க்குப் போடாமல், யார் எதைச் செய்தார் என்று கேட்டு எழுதி வாங்கி, அதற்கும் மார்க்குப் போடவேண்டும். தூங்கியவருக்கும் விழித்தவருக்கும் ஒரே மார்க்கு என்றால், அடுத்த முறை விழித்தவரும் தூங்கப் போய்விடுவார்.