கடன் கொப்பி கணினிக்குப் போகும்போது

கொத்மலைப் பக்கம் தோட்டத்துச் சம்பள நாளை நம்பிக் கடனுக்குச் சாமான் கொடுக்கும் வியாபாரிகள், கொப்பிக் கணக்கை எக்ஸெலில் ஏற்றி, அங்கிருந்து கணக்கு மென்பொருளின் தரவுத்தளத்துக்கு மாற்ற நினைத்தால் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். மாற்றும்போது பிழைச் செய்தி வந்தால் பயமில்லை. செய்தி எதுவும் வராமல் கணக்குக் குறைவதுதான் ஆபத்து.

நாம் 1,250/= என்று எழுதிப் பழகியவர்கள். எக்ஸெலுக்கு அது பணமல்ல, எழுத்து. கூட்டும்போது சத்தமில்லாமல் விட்டுவிடும். எண்ணை மட்டும் ஏற்கும் தரவுத்தளம் அதை நிராகரிக்கும், அல்லது வெற்றிடமாக்கும். கொடுத்த கடன் அத்தோடு போயிற்று.

அடையாள அட்டை இலக்கம் இன்னும் மோசம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வந்த புதியதில் 12 இலக்கம் மட்டும். இரண்டும் ஒரே பத்தியில் இருந்தால், எக்ஸெல் கோப்பை வாசிக்கும் மைக்ரோசொப்ட் இணைப்பு மென்பொருள் வழக்கமாக முதல் 8 வரிகளைப் பார்த்துத்தான் வகையைத் தீர்மானிக்கிறது. மேலே புதிய இலக்கங்கள் இருந்தால் 'இது எண்' என்று முடிவு கட்டி, கீழேயுள்ள பழையவற்றை வெறுமையாக விட்டுவிடும். அப்படிப் பெயர் மட்டும் மிஞ்சினால், ஒரே தோட்டத்தில் எத்தனை ராமசாமி, எத்தனை லெட்சுமி! ஒருவர் கடன் மற்றவர் தலையில் விழும்.

தொலைபேசி இலக்கத்தின் முன் பூச்சியமும் இப்படித்தான் பறிபோகும். திகதியும் அப்படியே: கணினி அமெரிக்க முறையில் இருந்தால் ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகிவிடும். இது நமக்கு மட்டும் உள்ள தொல்லையல்ல. சில மரபணுப் பெயர்களை எக்ஸெல் திகதியாக மாற்றியதால், விஞ்ஞானிகள் 2020இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

இலக்கம் என்றாலும் கூட்டிக் கழிக்காதவை எல்லாம் எழுத்துத்தான் என்பது என் கட்சி. அடையாள அட்டை, தொலைபேசி, வங்கிக் கணக்குப் பத்திகளைத் தட்டச்சுக்கு முன்பே 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். தொகைப் பத்தியில் /= ஐத் தேடி நீக்குங்கள்.

மென்பொருள் விற்பவரிடம் முழுப்பணத்தையும் முதலிலேயே கொடுக்க வேண்டாம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வரிகளின் எண்ணிக்கை, மொத்தக் கடன், வெற்றிடங்களின் எண்ணிக்கை மூன்றும் பொருந்தினால் மீதியைக் கொடுக்கலாம். கொப்பியை இரண்டு சம்பள நாள் கழியும் வரை அலுமாரியிலேயே வைத்திருங்கள்.