இங்கே ஏன் செத்தேன்?

கணினி விளையாட்டு ஒன்றை ஆடி முடித்தவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதை ஓர் இலக்கியச் சிற்றிதழ் தலையங்கத்தில் பேச வேண்டுமா? வேண்டும் என்றே நினைக்கிறோம். ஒரு படைப்பை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் பேசியவர்கள் அவர்கள். அதன் ஒவ்வொரு அறையையும் தாழ்வாரத்தையும் நினைவில் வைத்திருப்பவர்கள். அது எங்கே தளர்கிறது என்று தங்களுக்குள் சண்டையிட்டு, கடைசியில் தளர்ந்த பகுதியைத் தாங்களே திரும்பக் கட்டியும் காட்டியவர்கள். இப்படியொரு வாசகர் கூட்டம் எத்தனை நாவல்களுக்கு வாய்த்திருக்கிறது? 'ஹாஃப்-லைஃப்' என்ற அறிபுனை ஷூட்டருக்கு வாய்த்தது.

அது 1998 நவம்பரில் வெளிவந்தது. மைக்ரோசாஃப்டிலிருந்து விலகிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் இருவரும் 1996இல் தொடங்கிய வால்வ் நிறுவனத்தின் முதல் ஆட்டம். கதைக்குப் பொறுப்பேற்ற மார்க் லெய்ட்லா அதற்கு முன்பே நாவலாசிரியர். நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு அடியில் பிளாக் மேசா என்ற ஆய்வுக்கூடம்; அங்கே வேலை பார்க்கும் இயற்பியலாளர் கோர்டன் ஃப்ரீமன்தான் நாம். ஒரு பரிசோதனை பிசகுகிறது. வேறோர் உலகுக்கு வாசல் திறந்துவிடுகிறது. அங்கிருந்து வரும் உயிர்களிடமிருந்து தப்பித்து மேலே ஏறிப் போனால், ராணுவம் வந்திருக்கிறது. நடந்ததை மூடி மறைக்க, விஞ்ஞானிகளையும் சேர்த்துச் சுடுகிறது. ஃப்ரீமன் ஆட்டம் முழுவதும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் கண்ணை விட்டு நாம் வெளியே வருவதுமில்லை. கதையை நிறுத்தி வைத்துப் படம் காட்டும் வழக்கத்தை இந்த ஆட்டம் அறவே தவிர்த்தது.

ஆடியவர்கள் முதலில் வியந்து பேசியது அந்தப் படைவீரர்களைப் பற்றி. மீட்க ஆள் வந்துவிட்டது என்று நம்பி ஒரு விஞ்ஞானி சந்தோஷமாகக் கத்திக்கொண்டே ஒரு வீரனை நோக்கி ஓடுகிறார். நம் கண்முன்னே சுட்டுக் கொல்லப்படுகிறார். கதை திரும்பிவிட்டதை யாரும் நமக்கு விளக்குவதில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அதன் பிறகு அந்த வீரர்கள் நம்மையும் வேட்டையாடுகிறார்கள். ஒளிந்திருக்கும் மூலைக்குள் கைக்குண்டு வந்து விழுகிறது. வெளியே ஓடினால் பக்கவாட்டில் ஒருவன் நிற்கிறான். இவர்கள் யோசிக்கிறார்கள் என்று ஆடியவர்கள் ஒருமுகமாகச் சொன்னார்கள். உள்ளே இருந்த ஏற்பாடு எளிமையானது: ஒரு குழுவில் ஒரே நேரத்தில் ஓரிருவர் மட்டும் சுடலாம், மற்றவர்கள் இடம் மாற வேண்டும், செய்யப்போவதை வானொலியில் கூவிச் சொல்ல வேண்டும். அந்தக் கூவல்தான் அறிவை நம் காதுக்குக் கொண்டுவந்தது. எதிரி யோசிப்பது நமக்குக் கேட்காவிட்டால் அவன் யோசித்தும் பயனில்லை என்பதை ஆக்கியவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். எப்படிப் புரிந்தது என்பதுதான் நாம் சொல்ல வந்தது.

இந்த ஆட்டம் 1997 கடைசியிலேயே வந்திருக்க வேண்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில், கிட்டத்தட்ட முடிந்துவிட்ட வேலையை ஆடிப் பார்த்த வால்வ் குழு, இது நன்றாக இல்லை என்று முடிவெடுத்து மறுபடி தொடங்கியது. அங்கே பணியாற்றிய கென் பேர்ட்வெல் 1999இல் எழுதிய கட்டுரையில் அந்த நாட்களின் வேலைமுறை விரிவாகப் பதிவாகியிருக்கிறது. வெளியாட்களை அழைத்து உட்கார வைத்து ஆடச் சொல்வார்கள். அந்தப் பகுதியை வடிவமைத்தவர் பக்கத்திலேயே குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பார். வாய் திறக்கக் கூடாது. வந்தவர் தவறான கதவை முட்டிக்கொண்டிருந்தாலும், தலைக்கு மேலே இருக்கும் ஏணியைப் பார்க்காமல் இருபது நிமிடம் சுற்றினாலும், ஒரு சைகைகூடக் காட்டக் கூடாது. இரண்டு மணி நேரம் ஒருவர் ஆடி முடித்தால் சரிசெய்ய வேண்டியவையாக நூறு குறிப்புகள் சேரும். அப்படி இருநூறு அமர்வுகளுக்கு மேல் நடந்தன.

அந்தக் கட்டுரையில் நம்மை நிறுத்திய கருத்து ஒன்று உண்டு. ஆடுகிறவர் செத்தால் பழி யார்மேல் விழுகிறது என்பது அது. முன்னறிவிப்பு இல்லாமல் கூரை இடிந்து விழுந்து செத்தால் ஆட்டத்தைத் திட்டுவார். கொஞ்ச நேரத்தில் வெறுத்துவிடுவார். விரிசல் கண்ணில் பட்டிருந்தும் நடந்து போய்ச் செத்தால், கவனிக்காமல் போனோமே என்று தன்னை நொந்துகொண்டு மறுபடி ஆடுவார். ஆகவே ஒவ்வொரு சாவையும் ஆடுகிறவர் தன் தவறாக ஏற்கும்படி அமைப்பது ஆக்கியவரின் கடமை என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். இதற்கு நல்ல உதாரணம் 'பிளாஸ்ட் பிட்' என்ற அத்தியாயம். ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் பெரிய குழியிலிருந்து மூன்று பச்சைத் துதிக்கைகள் நீண்டு நிற்கும். அவற்றுக்குக் கண் கிடையாது, சத்தம்தான் தெரியும். ஓடினால் கொத்திவிடும். மெல்லக் குனிந்து நடக்க வேண்டும், அல்லது எதிர்ப்பக்கம் குண்டை எறிந்து அதன் ஓசைக்கு அவற்றைத் திருப்ப வேண்டும். இந்த விதியை ஆட்டம் பலகை எழுதி மாட்டுவதில்லை. பதற்றத்தோடு மெதுவாகப் பேசும் ஒரு காவலர், சுவரில் மோதும் அலகின் சத்தம், அவ்வளவுதான். அங்கே செத்தவர்கள் யாரும் ஆட்டத்தைக் குறை சொன்னதாகத் தெரியவில்லை. எரிபொருளும் ஆக்சிஜனும் மின்சாரமும் திறந்துவிட்டு, எஞ்சினை மூட்டி அந்த உயிரை எரித்த நிமிடத்தை இன்றும் சிலாகிக்கிறார்கள்.

தமிழ்ச் சிற்றிதழ் மரபு இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். "புரியவில்லை" என்று எழுதிய வாசகரை நாம் எப்படி நடத்தினோம்? பெரும்பாலும் பழியை அவர்மேலேயே போட்டோம். இன்னும் படிக்க வேண்டும், உழைக்க வேண்டும், பழக வேண்டும் என்றோம். பல சமயம் அது உண்மையும்கூட. கடினமான எழுத்துக்கு இடம் கொடுக்கத்தான் இந்த இதழ்கள் பிறந்தன, அந்த உரிமையை விட்டுத்தரும் எண்ணம் நமக்கு இல்லை. பிளாஸ்ட் பிட்டும் கடினமானதுதான். ஆனால் கடினமாக இருப்பதும் கைவிட்டுவிடுவதும் வேறு வேறு. வாசகர் எந்தப் பத்தியில் நின்றார், நின்றது அவருடைய கவனக்குறைவாலா, எழுத்தாளர் விரிசலைக் காட்ட மறந்ததாலா என்று நாம் கேட்டுப் பார்த்ததே குறைவு. வாசகருக்குப் பக்கத்தில் வாய் மூடி உட்கார்ந்து பார்க்கும் பொறுமை நமக்கு வரவில்லை.

அந்தப் பொறுமை வால்வுக்கும் ஆட்டத்தின் கடைசிவரை கைகொடுக்கவில்லை. கதையின் இறுதிப் பகுதியில் ஃப்ரீமன் அந்த வேற்றுலகுக்கே போகிறார். அதன் பெயர் ஸென். வெட்டவெளியில் மிதக்கும் பாறைத் தீவுகள், குறைந்த ஈர்ப்புவிசை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். முதல் ஆண்டிலிருந்தே ஆடியவர்களின் குறை இங்கேதான் குவிந்தது. தாவும்போது காலடி தெரியாது, விளிம்பு எங்கே முடிகிறது என்று கணிக்க முடியாது, விழுந்தால் சாவு. அலுவலகங்கள், பண்டகசாலைகள், தண்டவாளங்கள் என்று நம்பும்படி இருந்த ஓர் இடத்தைவிட்டு வெறுமையான பழுப்புப் பாறைக்கு வந்துவிட்டோம் என்றார்கள். கடைசி எதிரியான நிஹிலாந்த், பெருந்தலை கொண்ட ராட்சதக் குழந்தை போன்ற அது, பயமுறுத்துவதைவிட அதிகம் சலிப்பூட்டியது என்றார்கள். கூர்ந்து கேட்டால் எல்லாக் குறைகளும் பேர்ட்வெல்லின் அளவுகோலிலேயே வந்து நிற்கின்றன: இங்கே நான் செத்தது என் தவறல்ல. ஆக்கியவர்கள் தங்களுக்கென்று வகுத்த விதியைக் கடைசி அத்தியாயங்களில் மீறிவிட்டதை ஆடியவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை. கை உணர்ந்ததைச் சொன்னார்கள்.

ஸென்னைக் காத்துப் பேசியவர்களும் உண்டு. வேற்றுலகம் என்றால் அங்கே நமக்கு வசதியாக எதுவும் இருக்கக் கூடாது, அந்தத் தனிமையும் வழியறியாமையும்தான் பொருத்தம் என்பது அவர்கள் கட்சி. சிறுபான்மைக் குரல். ஆனால் பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது அதற்கு வலு கூடியது.

2004இல் வால்வ் தன் பழைய ஆட்டத்தைப் புதிய மென்பொருள் எஞ்சினுக்கு மாற்றி வெளியிட்டது. தண்ணீர் பளபளத்தது, மற்றபடி பெரிய மாற்றமில்லை. ஏமாந்த ரசிகர்கள் சிலர் தாங்களே ஒழுங்காகச் செய்வதென்று புறப்பட்டார்கள். ஆட்டக்காரர்கள் ஒரு விளையாட்டை எடுத்துத் தாங்களே மாற்றிச் செய்வதை 'மாட்' என்பார்கள். வெவ்வேறு நாடுகளிலிருந்து, ஓய்வு நேரத்தில், ஊதியமில்லாமல் உழைத்த அந்தக் குழுவின் 'பிளாக் மேசா' 2012 செப்டம்பரில் இலவசமாக வெளிவந்தது. ஸென் அதில் இல்லை. வாசல்வரை வந்து நின்றுவிடும். அந்தப் பகுதியை இருந்தபடியே திருப்பிச் செய்ய அவர்கள் மனம் ஒப்பவில்லை. வால்வின் அனுமதியோடு அது விலைக்கு வந்து, புதிய ஸென்னோடு முழுமையடைந்தபோது 2020 மார்ச். விமர்சனம் எழுதி முடிக்க ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள்.

அந்தப் புதிய ஸென்னில் ஒரு நுணுக்கம். பழைய ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் வார்டிகாண்ட் என்ற அடிமை உயிர்கள் சில, நாம் தாக்காதவரை நம்மைத் தாக்காமல் வேலை செய்துகொண்டிருக்கும். பலர் கவனிக்காமல் சுட்டுவிட்டுக் கடந்துபோன இடம். ரசிகர் குழு அதைக் கவனித்தது. அவர்களின் ஆட்டத்தில், மேலே மிதந்தபடி மனத்தை ஆட்டிவைக்கும் எஜமானர்களை வீழ்த்தினால் அந்த அடிமைகள் நம்மோடு சண்டையிடுவதை நிறுத்திவிடுகின்றன. அதுவரை எத்தனையோ பேரைக் கொன்று வந்திருக்கும் கைக்கு அங்கே குற்றவுணர்வு வருகிறது. மூலத்தில் முணுமுணுப்பாக இருந்ததை எடுத்துக் கதையின் மையத்துக்குக் கொண்டுவந்த இந்த வாசிப்பு எந்தத் தேர்ந்த விமர்சகரின் வாசிப்புக்கும் குறைந்ததல்ல.

அதோடு பேச்சு ஓய்ந்துவிடவில்லை. புதிய ஸென்னின் 'இன்டர்லோப்பர்' அத்தியாயம் நீண்டுகொண்டே போகிறது என்றார்கள். நீலமும் பச்சையுமாக இவ்வளவு அழகாக இருந்தால் அச்சம் எங்கிருந்து வரும் என்றார்கள். பழைய வெறும் பாறைக்கு ஒரு தலைமுறை கழித்துப் புதிய ஆதரவாளர்கள் கிடைத்தார்கள்.

'ஆன் எ ரயில்' என்ற அத்தியாயத்தின் கதை இன்னும் நுட்பமானது. சுரங்கத் தண்டவாளங்களில் சின்ன வண்டி ஓட்டிப் போகும் பகுதி. சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறோம், குறைக்கலாம் என்பது மூலத்தை ஆடியவர்களின் நெடுநாள் குறை. ரசிகர் குழு குறைத்தது. உடனே வேறொரு சாரார், எங்கள் தண்டவாளத்தை ஏன் வெட்டினீர்கள் என்று கொதித்தார்கள். குறைக்கப்பட்ட இன்னொரு அத்தியாயமான 'சர்ஃபேஸ் டென்ஷன்' பகுதிக்கு ஓர் ஆட்டக்காரர் விடுபட்டதையெல்லாம் தானே கட்டி வெளியிட, அது பிறகு பிளாக் மேசாவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. எங்கே வலிக்கிறது என்று சொல்வதில் ஆடியவர் அநேகமாகத் தவறுவதில்லை. என்ன மருந்து என்று சொல்வதில் அடிக்கடி தவறுகிறார். தண்டவாளம் சலித்ததற்குக் காரணம் நீளம்தானா, திசை தெரியாததா? வெட்டுவதற்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

எல்லா ஆட்டக்காரர் பேச்சையும் நாம் விமர்சனம் என்று கொண்டாடவில்லை. ஹாஃப்-லைஃப் கதையின் தொடர்ச்சியாக 2007இல் வந்த இரண்டாம் எபிசோட், தந்தையின் உடலைக் கட்டிக்கொண்டு ஒரு மகள் அழும் இடத்தில் அறுந்து நின்றது. மூன்றாவது வரவே இல்லை. நிறுவனத்தைவிட்டு விலகிய லெய்ட்லா 2017இல் பெயர்களை மாற்றி அந்தக் கதையின் சுருக்கத்தைக் கடிதமாக வெளியிட்டபோது, ஆத்திரமடைந்த சிலர் அதே நிறுவனத்தின் சம்பந்தமேயில்லாத 'டோட்டா 2' ஆட்டத்துக்கு எதிர்மறை மதிப்புரைகளைக் கொட்டினார்கள். துயரம் உண்மையானது. மதிப்புரை பொய்யானது. ஒரு படைப்பைத் தண்டிக்க இன்னொரு படைப்பின்மேல் கல்லெறிவது நம் இலக்கியச் சண்டைகளிலும் காலகாலமாக நடப்பதுதான். இரண்டையும் ஒரே மாதிரி மறுக்கிறோம். வால்வின் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஒவ்வொரு மதிப்புரைக்கும் பக்கத்தில் எழுதியவர் அந்த ஆட்டத்தில் செலவிட்ட மணிக்கணக்கு நிற்கிறது. அந்த எண்ணை நாம் மதிக்கிறோம். கட்டைவிரல் மேலா கீழா என்பதைவிட அது அதிகம் சொல்கிறது.

தமிழ்நாட்டில் 2000களின் பிரவுசிங் சென்டர்களில் வளர்ந்த தலைமுறைக்கு இந்த ஆட்டம் வேறு பெயரில் தெரியும். மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் ஹாஃப்-லைஃபை எடுத்து 1999இல் செய்த மாட்தான் 'கவுன்ட்டர்-ஸ்டிரைக்'. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் சுட்டு, எந்த மூலையில் நின்றால் யாருக்குச் சாதகம், அது நியாயமா என்று தெருமுனைவரை வாதாடிக்கொண்டே போன பிள்ளைகள் வடிவத்தைப் பற்றித்தான் பேசினார்கள். இடத்தின் அமைப்பு, நேரம், காத்திருப்பு, நியாயம். நம் இதழ்கள் அந்தப் பேச்சை எழுத்தாகக் கேட்டு வாங்கவில்லை. சினிமாவைப் பற்றித் தீவிரமாக எழுதலாம் என்று தமிழுக்குச் சொல்லிக்கொடுத்ததில் சிற்றிதழ்களுக்குப் பங்குண்டு. விளையாட்டுகளுக்கு அதைச் செய்ய இன்னும் தயங்குகிறோம்.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை இதற்கென்று வைக்கிறோம். நட்சத்திரமும் மதிப்பெண்ணும் வேண்டாம். எந்த ஆட்டம், எந்தக் கட்டம், எங்கே கை தயங்கியது, எங்கே செத்தீர்கள், பழி உங்கள் மேலா ஆட்டத்தின் மேலா என்று எழுதி அனுப்புங்கள். இந்த இதழில் வந்திருக்கும் கதைகளுக்கும் அதே கேள்வியை வையுங்கள். எந்தப் பத்தியில் புத்தகத்தை மூடினீர்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் கடிதம் வெட்டாமல் வெளிவரும். கதை எழுதியவரின் பதிலை அதே இதழில் போட மாட்டோம். ஒரு முறை அவர் வாய் திறக்காமல் உங்களைப் படிக்கட்டும். சொல்ல இருப்பதை அதற்கடுத்த இதழில் சொல்லட்டும்.