தாது இருக்கிறது, கரி எங்கே?

தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த தீர்த்தமலைப் பகுதியில் இரும்புத் தாது இருப்பது ஊரறிந்த செய்தி. பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறுகிறவர்களின் மாவட்டத்தில், "மலையில் இரும்பு இருக்கிறதே, ஆலை ஏன் வரவில்லை?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால், இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கக் கரி வேண்டும். அது எங்கிருந்து வரும் என்பதை நாம் கேட்பதே இல்லை.

முன்பு தருமபுரியோடு இருந்த மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டுள்ளது. இரும்பு உருக்கும் அந்த மரபு நீடித்தது காட்டு மரத்தின் கரியால். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டையில் உருக்கினார்; மரக்கரித் தட்டுப்பாடு அந்த முயற்சியையும் வாட்டியது. 1967-இல் 'எழுச்சி நாள்' நடத்திக் கேட்டு வாங்கிய சேலம் உருக்காலை, கடைசியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாகவே எழுந்தது. உள்ளூர்த் தாதுவுக்கு அங்கே வேலை இல்லை.

இன்று எளிதாகச் சொல்லப்படும் வழி சுழல் உலை. சற்றே சாய்ந்து மெல்லச் சுழலும் நீண்ட உருளைக்குள் தாதுவையும் சாதாரண நிலக்கரியையும் சேர்த்துப் போட்டு, சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் வாட்டுவார்கள். தாது உருகாது; ஆக்சிஜனை மட்டும் இழந்து, ஸ்பாஞ்ச் அயர்ன் எனப்படும் பஞ்சிரும்பாகும். உருகாததால் கல்லும் மண்ணும் உள்ளேயே தங்கிவிடும். நம் மலையிலுள்ள மேக்னடைட் வகைத் தாதுவிலோ இரும்பு சுமார் 35 முதல் 40 விழுக்காடுதான். அதை அரைத்து, காந்தத்தால் பிரித்து, கிடைக்கும் பொடியை உருண்டையாக்கிய பிறகே உலைக்கு அனுப்ப முடியும்.

தெலங்கானாவின் பால்வஞ்சாவில் 1980-இல் இத்தகைய ஆலை இயங்கத் தொடங்கியபோது, பக்கத்திலேயே சிங்கரேணி நிலக்கரி இருந்தது. தமிழ்நாட்டில் இருப்பதோ அந்த நிலக்கரி அல்ல, நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி. ஒரு டன் பஞ்சிரும்புக்கு ஒரு டன்னுக்கும் மேல் நிலக்கரி வேண்டும். அதை வெளியிலிருந்து கொண்டுவந்தால் செலவு ஆலைக்கு, புகையும் சாம்பலும் ஊருக்கு.

சந்தையும் மாறுகிறது. ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாகக் கரியமில வாயு வெளியிட்டால்தான் அது 'பசுமை எஃகு' என்று இந்திய அரசு 2024 டிசம்பரில் வரையறுத்தது. நிலக்கரிச் சுழல் உலைக்கு அது எட்டாக்கனி. சுவீடனில் 2021-லேயே ஹைட்ரஜனால் ஆக்சிஜனைப் பிரித்து எஃகு செய்துகாட்டினார்கள். அதற்கோ மலிவான மின்சாரமும் நீரும் வேண்டும். குடிநீரில் ஃப்ளோரைடு கலந்ததால் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்குக் காத்திருந்த மாவட்டம் இது.

நாளை எந்த நிறுவனமாவது தீர்த்தமலைக்கு வந்தால், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் போதும்: கரி எங்கிருந்து, தண்ணீர் எங்கிருந்து, சாம்பல் எங்கே? விடை வரும்வரை தாது மலையிலேயே இருக்கட்டும். அது கெட்டுப்போகிற பண்டம் அல்ல.