தொண்டர் விடைபெற்ற பின்

1961 முதல் 1976 வரை அமெரிக்காவின் ‘பீஸ் கோர்’ தொண்டர்கள் நம் நாட்டுக் கிராமங்களில் தங்கிக் கோழி வளர்ப்பு முதலிய பணிகளை ஆற்றினர். பெரும்பாலோர் கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர்கள். ஊர் மொழி பயின்று, ஊராரோடு எளிமையாக வாழ்ந்த அவர்தம் உள்ளத்தை நாம் போற்றுகிறோம்.

ஆயினும் ஒருவருடைய பணிக்காலம் இரண்டே ஆண்டுகள். மொழியும் மனிதரும் பழகிப் பணி சூடுபிடிக்கையில் விடைபெறும் நாளும் வந்துவிடும். அதன்பின் தீவனம் வாங்குவதும், முட்டையைச் சந்தைக்கு அனுப்புவதும், கணக்கெழுதுவதும் யார் பொறுப்பு?

ஆகவே அங்கத்தினர்களே, தொண்டாற்ற வரும் அயல்நாட்டாரை வள்ளலாகக் கருதாமல், நம்மோடு உழைப்பவராகவே ஏற்போம். முதல் நாளிலிருந்தே நம்மவர் ஒருவர் அவர் அருகிருந்து தொழில் கற்கட்டும். கணக்குப் புத்தகம் சங்கத்தின் கையிலேயே இருக்கட்டும். அவர் சென்ற மறுநாளும் வேலை நில்லாதிருப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.