முகமூடி அணிந்த உண்மை

"வானத்திலே வேறொரு கோளாம்! அங்கே விசித்திர மனிதர்களாம்! வேலையற்றவன் எழுதுகிறான், பொழுது போகாதவன் பார்க்கிறான்" என்று விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சிக் கதைகளை ஏளனம் செய்வோர் உண்டு. செய்யட்டும். அந்தக் கதை பிறந்த கதையை நாம் கேட்போம், தோழர்களே!

1955 ஆகஸ்டுத் திங்கள். அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்திலே, எம்மெட் டில் எனும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கடத்தப்பட்டான், வதைக்கப்பட்டான், கொன்று ஆற்றிலே வீசப்பட்டான். குற்றக் கூண்டிலே நின்றோர் இருவர். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலே 'குற்றமற்றோர்' என்றது. விடுதலை பெற்ற அவ்விருவரும் சில திங்களிலேயே, ஏடொன்றிடம் காசு பெற்றுக்கொண்டு, 'கொன்றவர் நாங்களே' என்றனர்! சட்டம் கைகட்டி நின்றது.

நாடகாசிரியர் ராட் செர்லிங்கின் நெஞ்சம் கொதித்தது. எழுதினார். 1956இல் அது தொலைக்காட்சியிலே வந்தது. எப்படி வந்தது? விளம்பரப் பணம் தருவோர் அஞ்சினர். தென்மாநிலத்தார் மனம் புண்படுமாம்! கொலையுண்ட சிறுவனின் மனம்? அதைக் கேட்பாரில்லை. கதை நடக்கும் ஊர் வடகிழக்குக்குப் பெயர்ந்தது. மாண்டவன் யாரோ ஓர் அயல்நாட்டான் ஆனான். தெற்கை நினைவூட்டுமென்று கோக்கோ-கோலா புட்டிகளும் அகற்றப்பட்டன! 1958இல் மீண்டும் முயன்றார். கதை முந்திய நூற்றாண்டுக்குத் துரத்தப்பட்டது.

மண்ணிலே பேச இடமில்லை. விண்ணுக்குச் சென்றார் செர்லிங்! 1959இல் 'ட்விலைட் ஸோன்' தொடரைத் தொடங்கினார். 1960 மார்ச்சில் அதிலே ஒரு கதை. அமைதியான ஒரு தெரு. விளக்குகள் அணைகின்றன. வேற்றுக் கோளினர் நம்மிடையே உளரோ எனும் ஐயம் பிறக்கிறது. அண்டை வீட்டானை அண்டை வீட்டான் சந்தேகிக்கிறான், துப்பாக்கி வெடிக்கிறது. குன்றின்மேல் நின்று பார்க்கும் வேற்றுக் கோளினர் செய்ததென்ன? விளக்கை அணைத்தனர், ஏற்றினர், அவ்வளவே! மக்கார்த்தி மூட்டிய வேட்டையைக் கண்டிருந்த நாட்டுக்கு விளக்கவுரை தேவையா?

1969 ஜனவரியிலே 'ஸ்டார் டிரெக்' தொடரில் இருவர் வந்தனர். பாதி முகம் கறுப்பு, பாதி முகம் வெள்ளை. ஒருவனுக்கு வலப்புறம் கறுப்பு, மற்றவனுக்கு இடப்புறம். அதுவே அவர்களின் பகை! தங்கள் கோளின் மக்களெல்லாம் மடிந்தபின்னும் அவர்கள் துரத்தல் ஓயவில்லை. பார்த்தவன் சிரிக்கிறான்: 'இதற்கா இத்தனை பகை?' சிரித்த வாயோடு கண்ணாடிமுன் நிற்கட்டும்!

"முகமூடி எதற்கு? நேரே சொல்வதுதானே வீரம்?" என்பார் சிலர். நேரே சொன்னார் ஐயா, விட்டார்களில்லை! எனினும் ஒன்று. முகமூடியின் அழகிலே மயங்கி, உள்ளிருக்கும் முகத்தை மறந்தால், வேற்றுக் கோளானுக்குக் கண்ணீர் வடித்துவிட்டு அண்டை வீட்டானுக்குக் கதவடைப்போம். எம்மெட் டில் பெயரால், கும்பல் கொலையைக் கூட்டரசு வெறுப்புக் குற்றமாக்கிய சட்டம் நிறைவேறியது 2022இல்! 67 ஆண்டுகள்! கதை கோள்களைச் சுற்றி வந்துவிட்டது. சட்டமோ வாயிற்படி தாண்ட அத்தனை காலம்.

ஆகவே, எழுத்தாளன் ஏன் விண்ணுலகுக்குப் போகிறான் என்று நகைப்பதை விடுங்கள். மண்ணுலகிலே அவன் வாயை அடைத்தவன் எவன் என்று கேளுங்கள்!